அந்த அட்டைப்பெட்டிய எடைக்குப் போட மாட்டேன் அம்மு

அம்மு,

நேத்து போன்ல நீ சொன்னதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். "ஸ்டார் ட்ரெக் எபிசோடு எல்லாமே ஸ்ட்ரீமிங்ல கெடைக்குது, பெட்டி நெறைய அதே கதைய எழுதி வெச்சிருக்கற புக்கு எதுக்கும்மா, வீடு மாத்தறப்போ எடைக்குப் போட்டுடு"ன்னு. அப்போ எனக்கு சட்டுனு பதில் வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

எனக்கு அப்போ பதிமூணு வயசு இருக்கும். தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலைல ஸ்டார் ட்ரெக் வரும், விண்வெளிக் கப்பல்ல கிரகம் கிரகமா போற அமெரிக்க சீரியல், நம்ம வீட்ல டிவி கெடையாது, எதிர் வீட்டு ஹால்ல பத்து பேர் தரையில உக்காந்து பாப்போம். ஒரு நாள் அந்த உப்பு தின்னற ஜந்து கதை. அது கப்பல் டாக்டர் மெக்காயோட பழைய காதலி ரூபத்துல நிக்குது, கேப்டன் கிர்க்கோட உயிர் போகப்போற நேரம், மெக்காய் கையில துப்பாக்கி, சுட மனசு வரல அவருக்கு... கரண்ட் போயிடுச்சு. திரும்ப வந்தப்போ வேற ப்ரோக்ராம் ஓடுது. மறுபடி எப்போ போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும், வீடியோ டேப்பெல்லாம் நாங்க கண்ணால கூட பாத்ததில்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்துல ஒரு பேப்பர்பேக் கெடைச்சுது, ஸ்டார் ட்ரெக் எபிசோடுகள கதையா ஜேம்ஸ் பிளிஷ் எழுதின வரிசைல முதல் புக்கு, 1967-ல வந்தது, ஏழு கதை. அதுல இந்தக் கதை வேற தலைப்புல இருந்துச்சு, ரெண்டு பக்கம் படிச்சதும்தான் அட இதுதானேன்னு தெரிஞ்சுது. நின்ன எடத்துலயே முடிவு வரைக்கும் படிச்சேன், கடைக்காரர் மொறைச்சதும்தான் காச எடுத்துக் குடுத்தேன். சுட்டுட்டாரு அம்மு, அந்த முகத்தப் பாத்துக்கிட்டே. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

நீ சொல்ற மாதிரி அது அதே கதை இல்ல. பிளிஷ் கையில இருந்தது ஸ்கிரிப்ட், சிலது படம் பிடிக்கறதுக்கு முன்னாடி எழுதின டிராஃப்ட். அதனால டிவில வந்ததுக்கும் புக்குக்கும் அங்கங்க பொருந்தாது, வசனம் மாறும், சீன் மாறும். எழுதினவங்க முதல்ல என்ன நெனச்சிருந்தாங்கன்னு அந்த எடத்துலதான் தெரியும், எனக்கு அதுதான் புடிக்கும்.

பெட்டில இன்னொன்னு இருக்கு, தி மேக்கிங் ஆஃப் ஸ்டார் ட்ரெக், 1968, சீரியல் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே வந்த புக்கு. அதே உப்பு ஜந்து கதைக்காக விதவிதமா உப்பு ஜாடி வாங்கினாங்களாம், சிலது ரொம்பப் புது டிசைனா இருந்ததால பாக்கறவங்களுக்கு உப்பு ஜாடின்னே புரியாதுன்னு ஒதுக்கிட்டாங்க. ஒதுக்கினத வீணாக்காம மெக்காய் கையில வைத்தியக் கருவியா குடுத்துட்டாங்க. வாராவாரம் கப்பல ஒரு கிரகத்துல தரையிறக்கிக் காட்ட காசு கட்டாதுன்னுதான் ஆள அப்படியே மறைய வெச்சு கீழ அனுப்பற யோசனையே வந்துச்சு. இல்லாத காசுல எப்படியெல்லாம் மூளைய ஓட்டியிருக்காங்க பாரு.

இத உனக்கு ஏழு வயசுல படிச்சுச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? மறுநாள் சமையக்கட்டு உப்பு ஜாடிய எடுத்துட்டுப் போயி பாட்டியோட வீங்கின முட்டி மேல ஆட்டி ஆட்டி வாயாலயே விர்ருன்னு சத்தம் குடுத்த, புடவையெல்லாம் உப்பு. பாட்டி வலி போயிடுச்சுன்னு சொன்னாங்க. அந்தப் பக்கத்துல இன்னும் உன் எண்ணெக்கை ரேகை இருக்கு.

நீ இருக்கற இங்கிலாந்து சீரியல் டாக்டர் ஹூவையே எடுத்துக்கோ. 60கள்ல வந்த எபிசோட்ல தொண்ணூறுக்கும் மேல பிபிசி கிட்டயே இல்ல, டேப்ப அழிச்சுட்டாங்க. ரசிகருங்க வீட்ல பிடிச்சு வெச்ச ஒலியும், டார்கெட் கம்பெனி போட்ட சின்ன சின்ன நாவலும் இருக்கறதாலதான் அந்தக் கதையெல்லாம் இன்னிக்கும் முழுசா தெரியுது. டெரன்ஸ் டிக்ஸ்ங்கற ஒருத்தர் மட்டுமே அறுபதுக்கு மேல எழுதியிருக்காரு, புள்ளைங்க படிக்கற மாதிரி நேரான இங்கிலீஷ்ல.

சனிக்கிழமை அந்தப் பக்கம் பழைய சாமான் விக்கற சாரிட்டி கடைக்குப் போனா பிளிஷ் வரிசைல பன்னெண்டாவது புக்கு இருக்கான்னு பாரு. 1975-ல அவர் எறந்துட்டாரு, பாதில நின்னத அவரோட மனைவி ஜே.ஏ. லாரன்ஸ் முடிச்சு 1977-ல வந்தது. மத்த பதினொன்னும் என்கிட்ட இருக்கு, பன்னெண்டாவதுதான் இல்ல. அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, வாங்கிடு.

வேளா வேளைக்கு சாப்புடு.

அம்மா