பிளஸ் டூ வயதுக்கென்றே ஒரு கல்லூரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தலைமையாசிரியர் பொறுப்பு ஏற்றதில் ரொம்பச் சந்தோஷம். பிளஸ் ஒன் அட்மிஷன் நெருக்கடியிலும் இங்கிலாந்தின் சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ், அதாவது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதுப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் கல்லூரி பற்றிக் கேட்டிருக்கிறாய். வின்செஸ்டரில் இருக்கும் பீட்டர் சிமண்ட்ஸ் கல்லூரியை வைத்துச் சொல்கிறேன்.

சிமண்ட்ஸ் 16ஆம் நூற்றாண்டுத் துணி வணிகர். அவர் உயிலில் எழுதிவைத்த அறக்கட்டளைச் சொத்தைக் கொண்டு 1897இல் ஆண்கள் பள்ளி தொடங்கினார்கள். 1974இல் அது இருபாலரும் படிக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியானது. நம்மூரில் 1978இல் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பைக் கல்லூரியிலிருந்து எடுத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கீழ்வகுப்புகளை விட்டுவிட்டு மேல் இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்று 4,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். அத்தனை பேர் ஒரே வயதில் இருப்பதால்தான் சிலர் மட்டுமே கேட்கும் பாடத்துக்கும் வகுப்பு நடத்த முடிகிறது. இந்த ஏற்பாட்டின் பெரிய பலமே இதுதான் என்பேன்.

சிக்கல் பாடத் தேர்வில். பெரும்பாலோர் ஏ லெவலில், அதாவது நம் பிளஸ் டூ போன்ற படிப்பில், மூன்று பாடம் எடுப்பார்கள். 2015இல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டுப் பாடத்துக்கும் கடைசியில்தான் தேர்வு. தவறான பாடத்தில் உட்கார்ந்துவிட்டால் அது வெளியே தெரியவே நாளாகும். அதனால் செப்டம்பரிலிருந்து முதல் ஆறு வாரம்தான் உயிர்நாடி. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரிக்கு அரசு தரும் மானியத்தின் கணக்கும் அதையொட்டியே இருக்கிறது: 42 நாள் தாக்குப்பிடித்த மாணவர்தான் கணக்கில் ஏறுவார். அதன்பின் படிப்பை முடிக்காமல் நின்றால் அவருக்கான தொகையில் பாதி போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் மூன்றாம் ஆண்டில் அவருக்கு 18 வயதாகியிருக்கும். 2014 முதல் அந்த வயதுக்குத் தொகை குறைவு. அப்போது மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 4,000 பவுண்டு, இவர்களுக்கு 3,300. பாடம் புரியாமல் தடுமாறும் பிள்ளைக்குத்தான் கூடுதல் கவனிப்பு வேண்டும். அங்கேயே வெட்டுவது அநியாயம். அந்த 4,000 பவுண்டும் 2013 முதல் 2020 வரை அசையவே இல்லை. விலைவாசி ஏற ஏற, வகுப்பைப் பெரிதாக்குவதும் பாடங்களைக் குறைப்பதும்தான் கல்லூரிகளுக்கு மிஞ்சிய வழி.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். அரசுக் கல்லூரியாக இருந்தும் பீட்டர் சிமண்ட்ஸில் விடுதி உண்டு. தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் பிரிட்டன் வசமுள்ள ஃபாக்லாந்து தீவுகளில் பள்ளிப் படிப்பு 16 வயதோடு முடிகிறது. போதிய மதிப்பெண் எடுத்தவர்களை அந்தத் தீவு அரசே செலவு செய்து இந்தக் கல்லூரிக்கு அனுப்புகிறது. கிட்டத்தட்ட 13,000 கிலோமீட்டர்! அக்டோபரில் ஒரு வார விடுமுறைக்கு ஊர் போய்வருவது நடக்கிற காரியமா? அந்தப் பிள்ளைகளுக்கு விடுதிக் கண்காணிப்பாளர்தான் அம்மா அப்பா எல்லாம்.

உங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தபின் குரூப் மாற்ற எத்தனை நாள் அவகாசம் தருகிறீர்கள்? அறிவியல் குரூப்பிலிருந்து காமர்ஸ் போகிறவர்கள் எந்த மாதத்தில் வந்து கேட்கிறார்கள் என்பதையும் எழுது.

அன்புடன்,
ரகு