குழந்தைகளுக்கான மருந்துப் பரிசோதனை: வடக்கின் வைத்தியசாலைகள் ஒன்றிணைய வேண்டும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினருக்கும் வடமாகாணக் குழந்தைநல வைத்திய நிபுணர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியோரே,

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகின்றேன். இதயக் குறைபாட்டுடன் பிறந்த கைக்குழந்தைக்கு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் கப்டோப்ரில் என்ற மருந்து ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகிராம் என்று வைத்தியரின் மருந்துத் துண்டில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் அலுமாரியில் இருப்பதோ பெரியவர்களுக்கான 25 மில்லிகிராம் குளிசை. அதை உரலில் இட்டு மாவாக்கி, லக்டோசு என்னும் பால் சர்க்கரைத் தூளுடன் கலந்து, வெள்ளைத் தாளில் நீளமாகப் பரப்பி, கத்தி நுனியால் கண்மதிப்பில் பன்னிரண்டு பங்காகப் பிரித்து, பொட்டலங்களாக மடித்துத் தாயின் கையில் கொடுப்போம். ஒரு பொட்டலத்தில் சற்றுக் கூடும், அடுத்ததில் சற்றுக் குறையும். அந்தப் பிள்ளையின் இரத்த அழுத்தம் அன்றிரவு எவ்வளவு இறங்கியது, பால் குடித்ததா, சோர்ந்து கிடந்ததா என்பதை எவரும் ஒழுங்காகக் குறித்து வைத்ததில்லை. நானும் குறிக்கவில்லை. அது இன்றும் என் மனத்தை உறுத்துகின்றது.

பெரியவர்களின் அளவை நிறைக்கேற்பச் சுருக்கினால் போதும் என்று எண்ணியதன் விலை 1950களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. குளோராம்பெனிக்கோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தைகள், அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் அவர்களின் ஈரலுக்கு இன்னும் வராத காரணத்தால், உடல் சாம்பல் நிறமாகி இறந்தார்கள்.

சரியான அளவை அறிய முறையான பரிசோதனை வேண்டும். ஆனால் ஒரே நோயுள்ள, ஒத்த வயதுள்ள பிள்ளைகள் ஒரு விடுதியில் ஓராண்டில் மிகச் சிலரே சேருவார்கள். ஆகவே யாழ்ப்பாணம், பருத்தித்துறை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வைத்தியசாலைகள் தனித்தனியே அல்லாமல் ஒரே வலையமைப்பாக இயங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரே ஆய்வுத் திட்டம், ஒரே பதிவுப் படிவம், எல்லா இடத்துக்கும் ஏற்புடைய ஒரே நெறிமுறை மீளாய்வு, பயிற்சி பெற்ற தாதியர் என்பவை அதன் அடித்தளம்.

இதனால் என்ன விளையும் என்பதற்குக் கிழக்காபிரிக்கா சான்று. காய்ச்சலும் இரத்தவோட்டக் குறைவுமாக வரும் பிள்ளைக்கு விரைவாகச் சேலைன் ஏற்றுவது உயிர் காக்கும் என்றே பெரிதும் நம்பப்பட்டு வந்தது. உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளின் ஆறு வைத்தியசாலைகள் இணைந்து 3141 பிள்ளைகளில் அதைப் பரிசோதித்து, 2011 இல் முடிவை வெளியிட்டன. விரைவாகத் திரவம் ஏற்றப்பட்டோரில் 10.5 சதவீதத்துக்குக் குறையாதோர் 48 மணித்தியாலத்துள் இறந்தனர், ஏற்றப்படாதோரில் 7.3 சதவீதத்தினரே இறந்தனர். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சிகிச்சை பிள்ளைகளின் உயிரைப் பறித்துக்கொண்டிருந்ததை எந்தத் தனி வைத்தியசாலையும் தன் கண்ணால் கண்டிருக்க முடியாது.

கடலுக்கு அப்பால் சென்னையும் பங்கேற்ற இன்னொரு பரிசோதனை, கடுமையற்ற காசநோயுள்ள பிள்ளைகளுக்கு ஆறு மாதச் சிகிச்சைக்குப் பதில் நான்கு மாதம் போதும் என்று 2022 இல் நிறுவியது. இரண்டு மாதக் குளிசை குறைவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை மருந்து கொடுத்த எனக்குத் தெரியும்.

"எங்கட பிள்ளையளை வைச்சுப் பரிசோதிக்கப் போறியளோ?" என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போரையும் இடப்பெயர்வையும் கண்ட மக்கள் எளிதில் நம்பிக் கையொப்பம் இட மாட்டார்கள். ஆதலால் ஒப்புதல் படிவம் சட்டத் தமிழில் அல்லாமல் வீட்டுத் தமிழில் இருக்கட்டும். விபரம் தெரிந்த பிள்ளையிடமும் சம்மதம் கேளுங்கள். மறுத்தால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கிழக்காபிரிக்காவில் பிள்ளைகளைச் சேர்ப்பதை இடைநடுவில் நிறுத்தச் சொன்னது சுயாதீனக் கண்காணிப்புக் குழுவே. அத்தகைய குழு இல்லாமல் இங்கே ஒரு பிள்ளையையும் சேர்க்கக் கூடாது.

புதிய மருந்தோடு தொடங்க வேண்டியதில்லை. காப்புரிமை காலாவதியான, இன்றும் உரலில் இடிபடும் பழைய மருந்துகளுக்கு நிறுவனங்கள் எளிதில் பரிசோதனை நடத்த முன்வருவதில்லை. அவற்றையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதற் கூட்டத்துக்கு மருந்தாளர்களையும் தாய்மாரையும் அழையுங்கள். முல்லைத்தீவிலிருந்து வருபவர் பொழுது சாய முன்னர் வீடு திரும்ப வேண்டும். ஆதலால் அதை முற்பகலில் வைத்து, அவரது பயணச் செலவையும் கொடுத்துவிடுங்கள்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்
யாழ்ப்பாணம்