சின்ன விமானத்தைத் தொட்டுப் பார்க்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைச் சேலம் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போய், பத்திரமாக அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. இதற்காக மெனக்கெட்டவர்கள் பலர். நேரில் பார்த்து நன்றி சொல்ல முடிந்தது சிலருக்குத்தான். மற்றவர்களுக்கும் சேர்த்து இந்த மடல்.

மதுரையிலேயே விமான நிலையம் இருக்கும்போது சேலம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மதுரைப் பெருங்குடியில் இருப்பது 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம். 1956-ல் பயணிகள் விமானம் வந்தது, 2010-ல் புது முனையம் வந்தது. இன்று அங்கிருந்து துபாய்க்கும் கொழும்புக்கும் போகிறார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடம் வெளிநாடு போகிற சித்தப்பாவை வழியனுப்புகிற கண்ணாடிக் கதவோடு முடிந்துவிடுகிறது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் நிலையம் சின்னது, 1993-ல் வந்தது. பயணிகள் விமானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களின் சின்ன விமானங்கள் அங்கே நிற்கின்றன. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

முதல் நன்றி, பேரையூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் பள்ளிக்கு வந்துபோன ஐயாவுக்கு. விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு கம்பி வளையமும் வீட்டிலிருந்த பழைய ஆரஞ்சுச் சேலையும் கொண்டுவந்தார். சேலையை நீளமாக, நுனி குறுகலாகத் தைத்து வளையத்தில் கோத்து, பள்ளி மொட்டை மாடியில் மூங்கில் நட்டுக் கட்டினார். ஓடுதளத்தின் ஓரத்தில் பறக்குமே, அந்தக் காற்றுப்பை. விமானம் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏறும், இறங்கும். எதிர்க்காற்று எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு வேகம் இறக்கைக்குச் சும்மாவே கிடைத்துவிடுகிறது, ஓட வேண்டிய தூரமும் குறைகிறது என்று அதைக் காட்டியே புரிய வைத்தார். நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு மாய்ந்து மாய்ந்து சொல்லும் பாடம் அது.

அப்புறம் ரன்வே எண்கள். மதுரையில் ஒரு முனையில் 09, மறுமுனையில் 27. திசைமானியில் 90 டிகிரி கிழக்கு, 270 டிகிரி மேற்கு. கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் ரன்வேயின் பெயர் கிடைத்துவிடும். சேலத்தில் 04-ம் 22-ம். 'அப்படின்னா அது வடகிழக்காப் போகுது சார்' என்று பிள்ளைகள் அங்கே போகும் முன்பே சொல்லிவிட்டார்கள். ஐயா, அன்று நீங்கள் தலையை ஆட்டிச் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது.

தலைமையாசிரியர் அனுமதிக் கடிதங்களுக்காக அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. விமான நிலையத்துக்குள் நினைத்தவுடன் யாரும் போய்விட முடியாது. பெயர்ப் பட்டியல், ஆதார் நகல் எல்லாம் முன்கூட்டியே போக வேண்டும். எல்லாவற்றையும் அவரே கையில் வைத்துக்கொண்டு முடித்தார். பேருந்துக்கான டீசல் செலவை ஏற்றுக்கொண்ட மாட்டுத்தாவணி பூ வியாபாரிக்கும், திண்டுக்கல், கரூர், நாமக்கல் என்று விடியுமுன் கிளம்பி நிதானமாக ஓட்டிய டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொடுத்த தாய்மார்களே, வயசுப் பிள்ளையை இருட்டில் அனுப்ப உங்களுக்கு இருந்த தயக்கம் எனக்குத் தெரியும். நம்பி அனுப்பினீர்கள். அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி.

இனி, காமலாபுரத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்கள்.

அங்கே நின்றது ஒரு செஸ்னா 172. நாலு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானம்; உலகத்தில் வேறெந்த விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. அதைப் பராமரிக்கிற மெக்கானிக் தம்பி, 'எல்லாத்தையும் தொடலாம், ப்ரொப்பெல்லரை மட்டும் தொடக்கூடாது' என்றார். அதோடு விடாமல் காரணத்தையும் சொன்னார். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை. வயரில் கோளாறு இருந்தால் சாவியை அணைத்திருந்தாலும், கையால் லேசாகச் சுற்றினாலே இன்ஜின் பற்றிக்கொள்ளலாம். கூடாது என்பதோடு நிறுத்தாமல் ஏன் கூடாது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இறக்கைக்கு அடியில் குனிந்து ஒரு சின்ன வால்வை அழுத்தி, தெளிவான குப்பியில் பெட்ரோல் பிடித்துக் காட்டினார். இளநீல நிறம். வகை தெரிவதற்காகச் சேர்க்கிற சாயம். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, 'இதுல தண்ணி கலந்திருந்தா எங்க நிக்கும்?' என்று கேட்டார். 'அடியில சார், தண்ணிக்கு அடர்த்தி ஜாஸ்தி' என்று ஒரு பிள்ளை சொன்னாள். என் வகுப்பில் அதுவரை வாயே திறக்காதவள். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் இந்தச் சோதனை உண்டாம். அவளையே ஒருமுறை பிடித்துப் பார்க்கச் சொன்னார். தம்பி, அந்த ஒரு நிமிஷத்துக்காக உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இறக்கைக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த குழாய்க்குச் சிவப்பு உறை போட்டிருந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய் அது. உறை எதற்கு என்றால், குளவி உள்ளே மண்ணால் கூடு கட்டிவிடுமாம். பிறகு வேகமானி பொய் சொல்லும். 'எங்க மோட்டார் ரூம் பூட்டுக்குள்ளயே கட்டும் சார்' என்றான் பின்வரிசையில் நின்ற பையன். மெக்கானிக் தம்பி அவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திக்கொண்டார்.

நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்டார்கள். கல் மாதிரி விழாது, ஆயிரம் அடி உயரத்துக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சறுக்கி வரும் என்றார் பயிற்றுநர். மூவாயிரம் அடியில் இருந்தால் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் போய்விடலாம் என்று பிள்ளைகள் அங்கேயே கணக்குப் போட்டார்கள்.

விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த தேனிப் பக்கத்துப் பெண் தன் சாப்பாட்டு நேரத்தை எங்களுக்குக் கொடுத்தார். விமானி ஆகப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், 18 வயது ஆக வேண்டும், மருத்துவப் பரிசோதனை தேற வேண்டும், வானிலையும் வழிகாணலும் விதிகளும் படித்துப் பரீட்சை எழுத வேண்டும், 200 மணி நேரம் பறக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். செலவு அரைக் கோடியைத் தொடும் என்பதையும், அதற்காகத் தன் வீட்டில் பட்ட பாட்டையும் மறைக்கவில்லை. பிள்ளைகளின் முகம் வாடியது உண்மை. ஆனால் ஆசை காட்டிவிட்டு விலையை மறைப்பது துரோகம். நேர்மையாகப் பேசியதற்கு நன்றியம்மா. அந்த வாட்டத்தைக் கவனித்த, விமானங்களுக்கு ஏறவும் இறங்கவும் வழி சொல்கிற டவர் அதிகாரி, இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்ஸி. படித்துத் தேர்வு எழுதி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு வரலாம் என்று எடுத்துச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சின்ன விமானங்களுக்காவது திறந்தால், தென்மாவட்டத்துப் பிள்ளைகள் இதைப் பார்க்கச் சேலம் வரை போக வேண்டியிருக்காது. பெரிய முனையங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கேள்வி கேட்கக்கூடிய இடமும் வேண்டும் என்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பணம் கொடுத்தவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் நாலு திசைமானிகள் வாங்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. மாடியில் காற்றுப்பை ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. நல்ல கனமான துணி வைத்திருப்பவர்கள் கொடுத்தால் பேரையூர் ஐயா மறுபடி தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மிக்க நன்றியுடன்,
இயற்பியல் ஆசிரியர்,
பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் சார்பாக