செவலைக்கு ஒரு நெட்டி மாலை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பாக் கதிர் தலை சாய்ந்துவிட்டது, பொங்கல் வரைக்கும் மழை வராமல் இருந்தால் போதும்.

என் பழைய டி.வி.எஸ். 50 உனக்கு மறந்திருக்காது. ஓசூரில் செய்து 1980-ல் அந்த வண்டி வந்தபோது, மொபெட்டில் இரண்டு பேர் போகலாம் என்பதே பெரிய பேச்சாக இருந்தது. நான் வாங்கியது 1989-ல். நாம் இருவரும் அதில் ஏறித்தான் திருவாரூர்த் தேர் பார்க்கப் போனோம். இப்போது பால் வாங்கவும் வயல் பக்கம் போய்வரவும் மட்டும்தான் அதை எடுக்கிறேன்.

அந்த வண்டியை என் பேத்தி வளர்க்க ஆரம்பித்திருக்கிறாள்.

அவளுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டு மாட்டை அவர்கள் செவலை என்று கூப்பிடுவார்கள். நம் வண்டியும் சிவப்புதானே? அதனால் இதற்கும் செவலை என்றே பேர் வைத்துவிட்டாள். காலையில் எழுந்ததும் முதலில் வேப்பமரத்தடிக்குத்தான் ஓடுவாள். பனி விழுகிறது என்று ராத்திரி அதன் மேல் சாக்கு போர்த்திவிட்டுத்தான் படுக்கிறாள்.

பி.எட். படிக்கும்போது, குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ழான் பியாஜே பற்றி நீயும் நானும் மாறி மாறி ஒப்பித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகள் முதலில் ஏதாவது வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் உயிர் உண்டு என்று நினைக்கும், பிறகு அசைகிறவற்றுக்கு, அப்புறம் தானாக அசைகிறவற்றுக்கு மட்டும் என்று. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தும் நான் இதை ஒரு பிள்ளையிடமும் கேட்டுப் பார்த்ததில்லை. போன வாரம் பால் வாங்கி வந்து இறங்கியதும் இவளிடம் கேட்டேன், "செவலைக்கு உசிரு இருக்காம்மா?" அவள் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நான் உட்கார்ந்து வந்த சூடு இருந்திருக்கிறது. "இருக்கு தாத்தா. தொட்டுப் பாரு" என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. பெடலை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போனால், மெக்கானிக் டேங்கை வடித்துவிட்டு என்னைப் பார்க்கிறார். அடியில் வெள்ளையாக அரிசி கழுவிய தண்ணீர்! மாட்டுக்குக் கழுநீர் வைப்பதைப் பார்த்திருக்கிறாள், செவலைக்கும் வாய் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து ஊற்றியிருக்கிறாள். பெட்ரோலை விட தண்ணீர் கனம் இல்லையா, நேராக அடியில் போய்த் தங்கிவிட்டது. கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவித்தான் வண்டி கிளம்பியது. நான் அவளைத் திட்டவில்லை. "செவலை குடிக்கிறது பெட்ரோல்தாம்மா, அதை தாத்தா மட்டும்தான் ஊத்தணும்" என்று சொல்லி வைத்தேன். இப்போது பங்குக்குப் போனால் கூடவே வந்து, அது குடித்து முடிக்கிற வரை பக்கத்தில் நிற்கிறாள்.

இதற்கு நடுவில் பையன் ஒரு பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருந்தான். இனிமேல் இதில் போகவேண்டாம் அப்பா என்பது அவன் கவலை, அதில் தப்பில்லை. அவர் வந்து பார்த்தபோது வண்டி வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, முன் சக்கரத்தில் நுழைத்து, மரத்தைச் சுற்றி ஏழெட்டு முடிச்சு போட்டிருந்தாள். அவள் அழக்கூட இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

டேய், எனக்கு அந்த இடத்தில் அப்பா நம் உம்பளாச்சேரி மாட்டு ஜோடியை விற்ற நாள்தான் கண் முன்னால் வந்தது. நாம் ஆறாவது படித்துக்கொண்டிருந்தோம். மாட்டை விற்கிறவர் கயிற்றைக் கொடுக்கக்கூடாது என்று, வாங்க வந்தவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போனார். அவிழ்த்துப் போட்ட பழைய கயிற்றை எடுத்து என் புத்தகப் பையில் வைத்திருந்தேன். எத்தனை நாள் வைத்திருந்தேன் என்று உனக்குத்தான் தெரியும். வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

இரும்புக்காரரை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். பையனும் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் அவனே உட்கார்ந்து அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுப் பொங்கலுக்கு நீ கட்டாயம் வரவேண்டும். எதிர்வீட்டில் மாடு போய் டிராக்டர் வந்து எத்தனையோ வருஷமாகிறது, ஆனாலும் அதைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போடாமல் இருக்கமாட்டார்கள். போன வருஷம் அதைப் பார்த்தவள், செவலைக்கும் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். ஆடுதுறையிலிருந்து நரசிங்கம்பேட்டை உனக்குப் பக்கம்தானே? அங்கே குளத்து நெட்டித் தண்டைச் சீவி மாலை கட்டுகிறவர்களிடம் நல்லதாக ஒன்று வாங்கி வா. ஹேண்டில்பாரில் போடுகிற நீளம் இருந்தால் போதும். சிவப்புச் சாயம் போட்டது வேண்டாமாம், செவலை மேல் எடுப்பாகத் தெரியாதாம். பச்சையும் வெள்ளையும் கலந்து வாங்கி வரச் சொன்னாள்.

அன்புடன்,
உன் ராமு