யாழினிக்கு, சில குதிரைப் படங்கள்

அன்புள்ள யாழினிக்கு,

நேற்று ராத்திரி அம்மா போனில் சொன்னாள். குதிரையேற்றப் பயிற்சியின் நாலாவது வகுப்பில் குதிரை சட்டென்று நின்றுவிட்டதாம், நீ அதன் கழுத்து வழியாகச் சறுக்கி மண்ணில் விழுந்தாயாம். அடி ஒன்றும் இல்லை, வேலியோரம் நின்ற பையன்கள் சிரித்ததுதான் உனக்குத் தாங்கவில்லை என்றாள். அடுத்த வாரம் போ என்றோ போகாதே என்றோ மாமா சொல்லப்போவதில்லை. குதிரையை வைத்து எடுத்த சிரிப்புப் படங்கள் என்றால் எனக்கு உயிர். அதில் இரண்டு மூன்றைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

முதலில் 1965இல் வந்த 'கேட் பலூ'. அமெரிக்காவின் வயோமிங் பக்கம் நடக்கிற கதை. அப்பாவை ரௌடிகளிடமிருந்து காப்பாற்ற, பேர்போன துப்பாக்கிக்காரன் ஒருவனை வரவழைக்கிறாள் ஜேன் ஃபோண்டா. வந்து இறங்குகிறவன் மொடாக்குடியன். லீ மார்வின் நடித்திருக்கிறார். படத்தின் பின்பாதியில் அவன் மறுபடி குடித்துவிட்டு, குதிரை மேல் உட்கார்ந்தபடியே தலை தொங்கிக் கிடப்பான். குதிரையும் சுவரில் சாய்ந்து, முன்னங்கால்களைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்கும். பார்த்தால் இருவருமே ஒரே கடையில் குடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

நீ நாலு வகுப்பு போனவள், உனக்கே தெரிந்திருக்கும். குதிரை நின்றபடி கண்ணயரும்போது ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி நிற்கும். முன்னங்காலைக் குறுக்கே போட்டுச் சாய்வது அதன் இயல்பே இல்லை. யாரோ பொறுமையாகப் பழக்கியிருக்கிறார்கள். அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் நான் குதிரையின் முகத்தைத்தான் பார்ப்பேன். அது எந்தச் சேட்டையும் செய்வதில்லை. சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கிறது, அவ்வளவுதான். நமக்கோ வயிறு வலிக்கிறது. அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கார் வாங்க மேடையேறிய மார்வின், இதில் பாதி சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் எங்கோ இருக்கும் ஒரு குதிரைக்குச் சேர வேண்டும் என்றார். அரங்கம் சிரித்தது. எனக்கென்னவோ அது சரியான கணக்கு என்றே படுகிறது.

அப்புறம் அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் 'எ டே அட் த ரேசஸ்', 1937. கதையெல்லாம் விடு, பாட்டுகள் வேறு நடுவே நீளமாக வரும். ஹை-ஹாட் என்ற பந்தயக் குதிரைக்காகப் பார்க்கலாம். வில்லன் குரல் காதில் விழுந்தாலே அது மிரண்டு எகிறும். கடைசிப் பந்தயத்தில் தடைகளைத் தாண்ட வேண்டும். நம் ஆட்கள் அந்த வில்லன் குரலையே ஒலிபெருக்கியில் வரவழைத்து அதைத் தாண்ட வைக்கிறார்கள். குதிரையின் பயத்தைக் கேலி செய்யாமல் அதையே அதன் பலமாக ஆக்கியது எனக்குப் பிடித்தது.

நான் அதிகம் சிரித்த குதிரைப் படத்தில் நாயகனுக்குக் குதிரையே கிடையாது! 1975இல் வந்த 'மான்ட்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெய்ல்'. நிஜக் குதிரைகளுக்குப் பணம் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கிலாந்துப் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னர் கடிவாளம் பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு குதித்துக் குதித்து ஓடி வருவார். பின்னால் மூட்டை சுமந்த வேலையாள் இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டிக் குளம்புச் சத்தம் கொடுப்பான். வானொலி நாடகங்களில் குளம்பொலிக்குக் கையாண்ட அதே பழைய உத்தி. கோட்டை மதில் மேல் நிற்கும் காவலன் விடமாட்டான்: இந்தக் குளிர் நாட்டில் தேங்காய் எப்படி வந்தது? பேச்சு தகைவிலான் என்கிற சின்னப் பறவை தேங்காயைத் தூக்கிப் பறக்குமா என்கிற வரை போய்விடும். மன்னர் ஒரு இடத்தில்கூடத் தன் குதிரையைச் சந்தேகிப்பதில்லை. முதுகு நேர், பார்வை நேர். படமெடுத்த ஸ்காட்லாந்தின் டூன் கோட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் கொட்டாங்கச்சி தட்டி நடக்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குத் தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரைதான் ஞாபகம் வரும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருவிழாவில் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினேன். இடுப்பைச் சுற்றிக் கூடு, காலில் மரக்கட்டை. ஆடுகிறவரின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுகிறது, கையோ கடிவாளத்தை விடவில்லை. குதிரைக்கு வலிக்குமா என்று நீ என் காதைப் பிடித்துக் கேட்டாய். கூட்டத்தில் வேறு யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து 'கேட் பலூ' பார். அந்தச் சுவர்க் காட்சி வரும்போது குதிரையின் காதுகளைக் கவனித்து எனக்கு எழுது. நீ விழுந்த குதிரையின் பெயரையும் அம்மா சொல்லவில்லை. நீ விழுந்ததும் அது ஓடிவிட்டதா, பக்கத்திலேயே நின்றதா? அதையும் எழுது.

அன்புடன்,
மாமா