கள்ளி முள் ஏறிய கையுறையைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டுக்கு பைக்கில் போகிறவர்கள் கையுறையும் தோல் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று போன வாரம் உங்கள் பேப்பரில் எழுதியிருந்தீர்கள். சரியான பேச்சு. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போய்க் கள்ளிப் புதரில் விழுந்தவன், வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஜாக்கெட்டை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. நான் சேலம் குகையில் 26 வருடமாக சீட் கவர் தைக்கிறவன். ஏழெட்டு வருடமாக பைக் பையன்களின் ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் ஜிப் போனது, தையல் விட்டது என்று கடைக்கு வருகிறது. முள் ஏறியதும் வருகிறது. அதில் பாதிப் பேர் வரும்போதே "இது போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, மேலே ஏரியைச் சுற்றிவிட்டு, இறங்கும்போது கூட்டம் இருக்கும் என்று கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கியிருக்கிறான். மேலே காபித் தோட்டமும் சில்வர் ஓக் மரமுமாகக் குளுகுளுவென்று இருக்கிற மலை, கீழே வர வர வறண்ட காடாகிவிடும், வேலியோரமெல்லாம் கள்ளிதான். அப்படி ஒரு இடத்தில் எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கி, ஜல்லியில் சறுக்கி, யாரோ வேலியை வெட்டி ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போன சப்பாத்திக்கள்ளிக் குவியலில் இடது பக்கமாக விழுந்துவிட்டான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜாக்கெட்டின் இடது கை, முழங்கை முதல் மணிக்கட்டு வரை, முள்ளம்பன்றி முதுகு மாதிரி இருந்தது. அந்தத் தோல் இல்லாமல் இருந்திருந்தால் அத்தனையும் சதையில் ஏறியிருக்கும்.

அங்கே அவன் செய்த முதல் தப்பு, கையுறை விரலைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றியது. பைக் ஓட்டுகிற எல்லோருக்கும் இருக்கிற பழக்கம் இது. உதட்டிலும் நாக்கு நுனியிலும் சுணை, அதாவது கள்ளியின் முடி மாதிரிப் பொடி முள், ஏறிவிட்டது. இரண்டு நாள் சூடாக எதையும் குடிக்க முடியவில்லை. அதே கையுறையால் நெற்றி வியர்வையையும் துடைத்திருக்கிறான். கண்ணில் படாமல் போனது எங்கள் அக்கா செய்த புண்ணியம்.

மறுநாள் காலையில் ஜாக்கெட்டை அரிசிச் சாக்கில் போட்டுக் கடைக்கு எடுத்து வந்தான்.

"மாமா, முழங்கைல அடிபடாம இருக்க வெச்சிருக்கிற கார்டை மட்டும் கத்தரிச்சு எடுத்துக் குடுங்க. மிச்சத்தை எரிச்சுடலாம்."

"எவ்வளவு குடுத்துடா வாங்கின?"

"ஜாக்கெட் பன்னெண்டாயிரம், கிளவுஸ் மூவாயிரத்து ஐந்நூறு."

"பதினஞ்சாயிரத்து ஐந்நூறுக்குத் தீ வைக்கப் போறியா? உக்காரு."

சப்பாத்திக்கள்ளியில் இரண்டு விதமான முள் உண்டு, இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற பெரிய மஞ்சள் முள், விரல் நீளம்கூட இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் ஆளைப் படுத்துவது அந்த முள்ளின் அடியில் கொத்துக் கொத்தாக இருக்கிற சுணை. முடியைவிட மெல்லிசு, ஒரு கொத்தில் எத்தனை என்று எண்ண முடியாது, லேசாகப் பட்டாலே செடியை விட்டு வந்துவிடும். ஒவ்வொரு சுணையிலும் பின்பக்கம் பார்த்த கொக்கி இருக்கிறது. வேட்டியில் ஏறுகிற ஒட்டுப்புல் மாதிரி, முன்னால் போகுமே தவிரப் பின்னால் வராது. தோலை மடக்க மடக்க, தேய்க்கத் தேய்க்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சின்ன வயதில் கள்ளிப்பழம் பறித்தவர்களுக்கு இது தெரியும், பழத்தை மண்ணில் போட்டு செருப்புக் காலால் நன்றாக உருட்டித் தேய்த்த பிறகுதான் கையில் எடுப்போம்.

அதனால் முதலில் துடைக்காதீர்கள், பிரஷ் போடாதீர்கள், உதறாதீர்கள். பாத்திரம் கழுவுகிற தடித்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, தரையில் பழைய பேப்பர் விரித்து, அதன் மேல் ஜாக்கெட்டைத் தட்டையாகப் போடுங்கள். ஃபேன் வேண்டாம். அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப்பில் ஒரு சாண் வெட்டி, முள் உள்ள இடத்தில் லேசாக வைத்து, நேராக மேலே தூக்குங்கள். அழுத்தித் தேய்த்தால் நீங்களே சுணையை உள்ளே ஏற்றிவிடுவீர்கள். ஒரு துண்டு டேப்பை ஒரு முறைதான் வைக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஒரு கைக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு ரோல் தீர்ந்தது. மேலாக ஒட்டியிருப்பது இதிலேயே வந்துவிடும். சாயம் லேசாகப் போட்ட தோலில் டேப்போடு நிறமும் உரிந்து வரும், அதனால் காலருக்கு உள்பக்கம் எங்கேயாவது ஒட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மெத்தென்று இருக்கிற ஸ்வேடு தோலுக்கு டேப்பும் வேண்டாம், பின்னால் சொல்லப்போகிற பசையும் வேண்டாம், முள்வாங்கி மட்டும்தான்.

அப்புறம் பெரிய முள். நோஸ் பிளேயரால் முள்ளின் அடியில், தோலை ஒட்டிப் பிடித்து, அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதே சாய்வில் இழுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் ஒடியும். ஒடிந்த முனை தோலுக்குள் தங்கிவிட்டால் என்றைக்காவது ஒருநாள் கையைக் குத்தும். முனை ஏற்கெனவே உள்பக்கம் எட்டிப் பார்த்தால் வெளியிலிருந்து இழுக்கவே கூடாது, ஜாக்கெட்டைத் திருப்பி, உள்பக்கமாகவே பிடித்து உருவ வேண்டும். போன வழியிலேயே போக விட்டால் அது தோலைக் கிழிக்காமல் வந்துவிடும்.

சுணைக்குத்தான் பொறுமை வேண்டும். எங்கள் பாட்டி சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு முள்வாங்கி வைத்திருப்பார், இரும்பில் அடித்தது, முனை இரண்டும் மயிரைக்கூடப் பிடிக்கும். இப்போது பியூட்டி பார்லருக்கு விற்கிற பிளக்கரில் கூர்முனை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அதே வேலை செய்யும். ராத்திரி டியூப் லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தோலுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றுமே தெரியாத இடத்தில், பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு சுணைக்கும் நிழல் விழும், அறுவடை முடிந்த வயலை மாலை வெயிலில் பார்ப்பது மாதிரி இருக்கும். ஒரு லென்ஸும் வைத்துக்கொண்டால் நல்லது. நானும் அவனுமாக மூன்று ராத்திரி, ராத்திரிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று உட்காராதீர்கள், கண் களைத்த பிறகு எடுப்பதைவிட ஒடிப்பதுதான் அதிகம்.

மிச்சத்துக்கு ஃபெவிக்கால். 1987-ல் அமெரிக்காவில் முயல் தோலில் கள்ளிச் சுணையை ஏற்றி எந்த முறையில் எவ்வளவு வருகிறது என்று சோதித்திருக்கிறார்கள். முள்வாங்கியால் மட்டும் எடுத்தபோது 76 சதவீதம் வந்தது, பசை தடவித் துணி ஒட்டி உரித்தபோது 63 சதவீதம், முதலில் முள்வாங்கி அப்புறம் பசை என்று செய்தபோது 95 சதவீதம். அது உயிருள்ள தோல், இது பதப்படுத்திய தோல், என்றாலும் வரிசை இங்கேயும் அதேதான் என்பது என் அனுபவம். வழவழப்பான தோலில் மட்டும், மெல்லிசாகத் தடவி, மேலே காயத்துக்குக் கட்டுகிற காஜ் துணி ஒட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு ஓரத்திலிருந்து உரிக்க வேண்டும். தையல் மேலும், காற்று போக ஓட்டை போட்ட தோல் மேலும் தடவாதீர்கள், பசை உள்ளே இறங்கிவிடும். சூப்பர் குளூவைப் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள், அது தோலைக் கல்லாக்கிவிடும்.

எல்லாம் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? வெறும் கையால் தடவிப் பார்த்து அல்ல. பஞ்சை உருண்டையாக எடுத்துத் தோல் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். முள் இருக்கிற இடத்தில் ஒரு இழை மாட்டி நிற்கும். கையுறைக்கு, குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு விரலுக்குள்ளும் விட்டுத் திருப்பி எடுங்கள். அவனுடைய இடது சுண்டுவிரலில், தையல் மடிப்புக்குள் ஒன்று ஒளிந்திருந்தது, நாலாவது நாள் பஞ்சில் மாட்டித்தான் தெரிந்தது. அது தெரியாமல் போட்டுக்கொண்டு கிளட்சைப் பிடித்திருந்தால் நகக்கண்ணில் ஏறியிருக்கும்.

உள்துணியில் சுணை ஏறியிருந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். நெய்த துணியிலிருந்து அதை முழுக்க எடுத்தவரை நான் பார்த்ததில்லை. தையல்காரரிடம் கொடுத்து உள்துணியை மட்டும் பிரித்து மாற்றிவிடலாம். ஆனால் தோலும் தோலும் சேர்கிற தையலைப் பிரிக்க விடாதீர்கள். அதைப் பிரித்துப் புது ஓட்டை போட்டுத் தைத்தால், அந்த வரிசை கிழிக்கிற ஸ்டாம்ப் ஓரம் மாதிரி ஆகிவிடும், கீழே விழும்போது அங்கேதான் விடும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் பழைய ஓட்டையிலேயே ஊசி போக வேண்டும். அவசரப்படுகிற கடையில் இதைச் செய்ய மாட்டார்கள், பக்கத்தில் நின்று வாங்குங்கள்.

வாஷிங் மெஷினில் போட்ட ஒரு வீட்டுக் கதை எனக்குத் தெரியும். தோலும் கெட்டது, அடுத்த நாள் அதே மெஷினில் துவைத்த துண்டைக் குழந்தைக்குத் துவட்டி, முதுகெல்லாம் சிவந்து, அந்த வீட்டுப் பெண் அழுதுகொண்டே போனில் கேட்டார் என்ன செய்வது என்று. வெந்நீரும் நெருப்பும் கூடாது. சமையலுக்குக் கள்ளி மடலை வாட்டுகிறவர்கள் சுணையைத் தீயில் பொசுக்குவார்கள், அதைப் பார்த்துவிட்டு லைட்டரை எடுக்கிறார்கள். தோல் சூட்டில் சுருங்கி விறைத்துப் போகும், திரும்ப இளகவே இளகாது. எல்லாம் எடுத்த பிறகு ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, லெதர் கிரீம் கொஞ்சம் தடவினால் முள் குத்திய துளை அவ்வளவாகத் தெரியாது. தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள், ஏற்காட்டு ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று, முள் இருப்பதெல்லாம் சப்பாத்திக்கள்ளி இல்லை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் வேறு குடும்பம், ஒடித்தால் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஜாக்கெட் தோலில் வெள்ளையாகப் பிசுபிசுத்தால் முள்ளைத் தேடுவதற்கு முன்னால் கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பில் ஏறிய முள் மூட்டுப் பக்கம் தங்கி வீங்கினாலும் டாக்டர்தான், டி.டி. ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த ரோட்டோரக் குவியல். சப்பாத்திக்கள்ளி நம் ஊர்ச் செடி இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் காடு மேடெல்லாம் இதுதான், 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. மடல் மேல் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு வரும், அந்தப் பூச்சிதான். அது தின்று தீர்த்தது போக மிச்சம் இருப்பதை நாமே வளர்க்கிறோம். வெட்டிப் போட்ட ஒரு மடல் மண்ணைத் தொட்டால் போதும், வேர் விட்டுவிடும். வேலியை மாற்றுகிற தோட்டக்காரர்கள் வெட்டியதைக் குழி தோண்டிப் புதையுங்கள், ரோட்டோரம் தள்ளாதீர்கள். அது வளைவில் கிடக்கிறது, ராத்திரி ஹெட்லைட்டில் வெறும் தழை மாதிரித்தான் தெரிகிறது. ரோட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களும் மழைக்கு முன்னால் ஒரு தடவை குப்பனூர்ப் பக்கம் போய்ப் பார்த்து அப்புறப்படுத்தினால் நன்றாக இருக்கும்.

அக்கா மகன் இப்போது அதே ஜாக்கெட்டைத்தான் போடுகிறான். முள் எடுத்துத் தரச் சொல்லி யாராவது கடைக்கு வருவதாக இருந்தால், அட்டைப்பெட்டியில் வைத்து மூடிக் கொண்டு வாருங்கள். கேரி பேக்கில் வேண்டாம், பைக்கில் மாட்டிக்கொண்டு வரும்போது முள் பையைத் தாண்டித் தொடையில் ஏறும்.

இப்படிக்கு,
சீட் கவர் தைப்பவர்,
குகை, சேலம்.