ஆஸ்டினை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோகுமுன்

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்பு மகள் உமையாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. ஆத்தாவும் நானும் சௌக்கியம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தய டிராக்கில் சனிக்கிழமை பழைய கார் கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமை பந்தயம், நடுவில் பழைய கார்களுக்கு டிராக்கில் இரண்டு சுற்று என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆஸ்டின் ஏ40-ஐ நீயே ஓட்டப்போகிறாய், மாப்பிள்ளையும் கூட வருகிறார் என்பது இன்னும் சந்தோஷம். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தாளை மடித்து டேஷ்போர்டில் போட்டுக்கொள்.

உமையாள், ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள். அந்த இரண்டு நாளும் கார் ஓடுவது கொஞ்சம்தான், நிற்பதுதான் அதிகம். வாசலில் வரிசை, பரிசோதனைக்கு வரிசை, டிராக்கில் இறங்க வரிசை. ஓடுகிற காருக்கு முன்னாலிருந்து காற்று அடிக்கும், தண்ணீர் நன்றாகச் சுற்றும், டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். என்ஜின் முனகிக்கொண்டு நிற்கிற காருக்கு இந்த மூன்றும் குறைந்துபோகும். இதுமாதிரி இடங்களில் பழைய கார் படுத்துக்கொள்வது பெரும்பாலும் வரிசையில்தான். அதனால் பிள்ளையார் நோன்புக்கு நீ ஊருக்கு வரும்போது நாம் பார்க்கவேண்டிய வேலையெல்லாம் காரை நிற்கத் தயார் செய்கிற வேலை.

ரேடியேட்டரில் தொடங்கு. நம் பக்கத்துச் செம்மண் தூசி அதன் மெல்லிய தகடுகளுக்கு நடுவே போய் ஈரம் பட்டு இறுகிவிடும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே போகும். என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தோட்டத்துக் குழாயின் சாதாரண வேகத்தில் அடி. உள்பக்கத்துக்குப் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் உப்பு என்ஜினுக்குள் சுண்ணாம்பாகப் படியும். வளவில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் அண்டாவில் இருக்கிறது, அதை வெள்ளைத் துணியில் வடிகட்டி எடு. பழைய தண்ணீரைக் கீழ்க் குழாய் வழியாக இறக்கி, தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை அலசு. பிறகு 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கூலன்ட். நிரப்பி, என்ஜினைச் சூடேற்றி, வெப்பம் பார்க்கும் துப்பாக்கியால் ரேடியேட்டர் முகம் முழுக்கப் பார். நடுவில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. அலசிச் சரியாகாது, ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுத்தான் எடுக்கவேண்டும்.

ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கவேண்டும். தளர்ந்தால் ஃபேனும் தண்ணீர் பம்ப்பும் வழுக்கும், இறுக்கினால் டைனமோ பேரிங் போகும். சூடு ஏறுவதற்கு ரேடியேட்டரை மட்டும் பழி சொல்லாதே. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், கார்பரேட்டரில் பெட்ரோல் போதாமல் போனாலும் அதே சூடுதான்.

பெட்ரோல் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் இப்போது பெரிய தலைவலி. பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம் காரின் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்புக்குள் சவ்வுபோல இருக்கும் டயாப்ரத்தையும் அது ஊறவைத்து மெதுமெதுவென்று ஆக்கிவிடும். டேங்கின் உள்சுவரில் வருஷக்கணக்காகப் படிந்த பிசினையும் கரைத்துக்கொண்டு வந்து கார்பரேட்டரில் பெட்ரோல் பாயும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியது மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும், டேங்க் துரு பிடிப்பது அங்கிருந்துதான். எத்தனால் தாங்கும் ஹோஸாக வாங்கி முழுக்க மாற்று, டயாப்ரம் கிட்டையும் மாற்று, டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற ஒரு ஃபில்டரைப் போடு. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்றின் அளவு குறைவாக வேண்டும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் சற்றே இழுத்துத் திணறும். மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு, பிளக்கைக் கழற்றி நிறம் பார். காப்பிப்பொடி நிறம் இருந்தால் சரி, வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரியாக இருந்தால் மிகுதி.

வரிசையில் கால்மணி நேரம் நின்றபிறகு கார் இருமி அணைந்துபோனால் காரணம் இரண்டில் ஒன்று. பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்திருக்கலாம், அல்லது பிளக்கில் பொறி வலுவாகப் பாய உதவும் கண்டன்சர் சூட்டில் மடங்கியிருக்கலாம். இரண்டும் கொஞ்சம் ஆறினால் தானே சரியாகும் என்பதால் ஆளை ஏமாற்றும். கண்டுபிடிக்கும் வழி சொல்கிறேன். ஒரு பிளக் வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்து, கார்பரேட்டரிலிருந்து தள்ளி, என்ஜின் இரும்புக்கு ஆறு மில்லிமீட்டர் தூரத்தில் வை. மாப்பிள்ளை செல்ஃப் அடிக்கட்டும். நீலமாகச் 'சட்சட்' என்று பாய்ந்தால் மின்சாரம் நன்றாக இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. ஈரத் துணியைப் பம்ப் மேலும் அதிலிருந்து மேலே போகும் குழாய் மேலும் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் ஸ்டார்ட் பிடிக்கும். பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டன்சரை மாற்று. ஒரு திருகாணி, ஒரு வயர், பத்து நிமிட வேலை. புதிதாக வரும் கண்டன்சர்கள் எல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை. அதனால் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் காரில் போட்டு ஒருமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கவேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம். பாயிண்டைச் சரிசெய்தபிறகு டைமிங்கைத் திரும்பப் பார்க்க மறக்காதே, ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும்.

இந்தக் காரில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கிறது. யாராவது உதவி செய்கிறேன் என்று ஜம்பர் கேபிளோடு ஓடிவந்து வழக்கப்படி நெகட்டிவைப் பாடியில் மாட்டினால் வயர் புகைந்துவிடும். பேட்டரிப் பெட்டி மூடியில் 'பாடி = பிளஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு. டைனமோ மெதுவான ஓட்டத்தில் சார்ஜ் ஏற்றாது, ஆகவே வரிசையில் நிற்கும்போது விளக்கு எரியவேண்டாம். மறைவாக எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொல்வார். டைனமோ அதைத் தாங்காது, கண்காட்சியில் மார்க்கும் போகும். சம்மதிக்காதே.

பிரேக்கில் முன்சக்கரம் இரண்டும் ஹைட்ராலிக், பின்சக்கரம் இரண்டும் மெக்கானிக்கல். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அது சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். பழையதை முழுக்க இறக்கிவிட்டுப் புதியதை ஊற்று. பள்ளத்தூர் சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில் 40 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போட்டுப் பார். ஒரு பக்கம் இழுத்தால், பிடிக்காமல் இருக்கிற எதிர்ப்பக்கத்து டிரம்மைத் திற. வீல் சிலிண்டர் கசிந்தோ, ஹப் சீல் வழியாக கிரீஸ் வந்தோ ஷூ நனைந்திருக்கும். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது வீண், ஒரு ஜோடியாக மாற்றிவிடு.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடாதே. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஏழு வருஷம் தாண்டினால் ஓடாத டயரும் உள்ளுக்குள் உலர்ந்துபோயிருக்கும்.

ஸ்பேனர் விஷயத்தில் கவனம். கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் செட் இந்தக் காருக்கு ஆகாது, பெரும்பாலான நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய ஆங்கில அளவு. அந்த ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் போல்ட்டின் குறுக்களவைச் சொல்கிறது, நட்டின் வாய் அகலத்தை அல்ல. கால் அங்குலம் என்று போட்டது வாயில் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். 13 நுழையாது, 14 சுழன்று முனையை மழுக்கிவிடும். கார் நிற்கும் செட்டில் வைத்திருக்கும் எண்ணெய்த் துணிப் பையில் எல்லா அளவும் இருக்கிறது. கூடவே ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளிப் நான்கு, இரண்டு லிட்டர் 20டபிள்யூ-50 மினரல் ஆயில், பத்து லிட்டர் மழைத்தண்ணீர், மரக்கட்டை ஆப்பு இரண்டு, இரண்டு கிலோ தீயணைப்பான். தீயணைப்பான் டிக்கியில் கிடந்தால் உபயோகமில்லை, டிரைவர் சீட்டுக்குக் கீழே கையெட்டும் இடத்தில் பட்டை போட்டு மாட்டு.

இங்கிருந்து புதுக்கோட்டை, திருச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு வழியாக நானூறு கி.மீ.க்கு மேல் வரும். பிளாட்பெட் லாரியில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர்வரை கொண்டுபோய், கடைசிச் சில கி.மீ. மட்டும் ஓட்டுவதுதான் என் யோசனை. நாலுவழிச் சாலையில் பின்னால் வரும் லாரிக்கு, 60-இல் போகும் கார் கண்ணுக்குத் தெரியும்முன் பக்கத்தில் வந்துவிடும், திரும்பும் பக்கம் காட்டும் டிராஃபிகேட்டர் கையை நீட்டுவதும் அவர்களுக்குப் புரியாது. லாரியில் கட்டும்போது பெல்ட்டைச் சக்கரத்தின் மேல் போடச் சொல், பம்பரில் கொக்கி மாட்டவிடாதே. கியரில் போட்டு, ஆப்பு வைத்து, திருமயம் தாண்டியதும் ஒருதடவை நிறுத்தி பெல்ட்டை மறுபடி இறுக்கு. முதல் இருபது கி.மீ.யில் ஸ்பிரிங் அமர்ந்து கட்டு தளரும்.

ஆர்.சி., இன்ஷூரன்ஸ் அசல் கையில் இருக்கட்டும். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டி, அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். முன்பே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே இருக்கும், புதிதாகப் பதிபவர்களுக்குத்தான் 'விஏ' வரிசை. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக்கூடாது.

கண்காட்சிக்கு வருகிறேன். நம் ஊர்ப் பழக்கம், பழைய பொருள் என்றால் பளபளவென்று தேய்த்துவிடுவது. ஆத்தங்குடிக் கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் போடுவதுபோல ரப்பரிலும் தோல் சீட்டிலும் போட்டுவிடாதே. ரப்பர் ஊதும், தோலில் தூசி ஒட்டும். குத்துவிளக்குப் பாலிஷ் குரோமியத்தைத் தேய்த்துவிடும். பானெட்டுக்குள் பிரஷர் தண்ணீர் அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போய்க் காலையில் கார் எழாது. துணியால் துடைத்தால் போதும். கதவு ஓரத்தில் பெயின்ட் மங்கியிருக்கிறதே, அதை அப்படியே விடு. நடுவர்கள் தேடுவது அசலை. புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், பழையதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஹார்ன், வைப்பர், எல்லா விளக்கும், இரண்டு டிராஃபிகேட்டரும் வேலை செய்யவேண்டும், அதை இயக்கிப் பார்ப்பார்கள். ஆக்சிலரேட்டரை இழுத்து மூடும் ஸ்பிரிங், பேட்டரிக் கட்டு, கசிவு இவற்றைப் பரிசோதனையில் பார்ப்பார்கள். நிறுத்துமிடத்தில் என்ஜினுக்கு அடியில் அட்டை விரி. சைலன்சர் சூட்டோடு காய்ந்த புல்லில் நிறுத்தாதே.

பக்கத்தில் வைக்கும் பலகையில் செட்டிநாட்டுக் கார் என்பதற்காகப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது என்று யாராவது எழுதச் சொன்னால் எழுதாதே. இது எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டிய கார். 1948-இல் தொடங்கிய கம்பெனி, மறுவருஷமே அங்கே ஏ40-ஐப் பூட்டத் தொடங்கியது, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. சென்னையில் பிறந்த கார் சென்னைக்கே போய் நிற்கிறது என்று எழுது, பார்க்கிறவர்களுக்கு அதுவே பிடிக்கும். 1200 சிசி, நான்கு சிலிண்டர், 40 குதிரைசக்தி என்பதையும் சேர்.

டிராக் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கி.மீ. இரண்டு சுற்று என்றால் ஏழரை கி.மீ. கூட இல்லை. யாரையும் முந்தவேண்டாம். நேர்ப்பாதை முடியுமுன்பே சீக்கிரமாக ஒரே அழுத்தாகப் பிரேக் போட்டுவிட்டு விடு. காலை வைத்துக்கொண்டே போனால் டிரம் சூடாகி விரிந்து, பிரேக் பிடிக்காமல் போகும். வளைவுக்குள் நுழையுமுன்பே கியரைக் குறைத்துக்கொள். சுற்று முடிந்ததும் உடனே அணைக்காதே, இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணை. ரேடியேட்டர் மேல் டேங்க் 95 டிகிரி தாண்டினால் வரிசையானாலும் அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போ, வெட்கப்படாதே. மூடியை அரைமணி நேரம் திறக்காதே. பிறகு தண்ணீர் விடும்போது என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, சூட்டில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் ஹெட் விரிசல் விடும்.

ஞாயிறு பந்தயம் பார்க்கக் காதடைப்பான், தொப்பி எடுத்துப்போங்கள். நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவில் பிரேக் போடுகிற இடம் தெரிகிற மாதிரி உட்காருங்கள், ஓட்டுகிறவரின் கை அங்கேதான் தெரியும். 1990-க்கு முன்னால் இந்தப் பந்தயமெல்லாம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான் நடந்தது என்று மாப்பிள்ளையிடம் சொல்.

திரும்பி வந்ததும் டேங்கில் மீந்த பெட்ரோலை இறக்கி, கார்பரேட்டர் காலியாகி அணையும்வரை ஓடவிடு. பேட்டரியில் எர்த் வயரை, அதாவது பிளஸ்ஸை, கழற்று. சைலன்சர் வாயில் துணி அடை, செட்டில் எலி உண்டு. அடைத்த துணிக்கு அடையாளமாக ஒரு சிவப்பு நாடாவை ஸ்டீயரிங்கில் கட்டு, அடுத்த தடவை எடுப்பவர் மறக்காமல் இருக்க. பிளாஸ்டிக் உறை போடாதே, பழைய பருத்திப் போர்வை போதும்.

செட் சாவி முகப்பு அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. ஹோஸும் டயாப்ரமும் நீ வருமுன் வாங்கிவைக்கிறேன், கண்டன்சர் இரண்டும் நீ பெங்களூரில் பார்த்து வாங்கிவா.

இப்படிக்கு,
உன் அப்பச்சி